கழுத்துவரை மண்

குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் சரிந்து பூங்காவனத்தைக் கழுத்துவரை மூடிவிட்டது. மண்ணுக்கு மேலே தலை மட்டும் இருந்தது, யாரோ கழற்றித் தரையில் வைத்ததுபோல. கூட வேலை செய்யும் கொளஞ்சி உள்ளே குதித்து, மண்வெட்டி அவள்மேல் பட்டுவிடுமென்று வெறுங்கையால் வாரத் தொடங்கினான். விடிந்தால் அடைந்தால் ஒருவரையொருவர் நக்கலடித்தே பிழைத்த ஜோடி அது. இன்றைக்கு அவனுக்கு நக்கல் வரவில்லை.

"பயப்படாத தாயி, ஒண்ணும் ஆவாது" என்றான்.

அதுவரை தெம்பாக இருந்த முகம் வெளுத்தது. "யோவ், என்ன திடீர்னு தாயிங்கற? நான் செத்துருவனா?"

கொளஞ்சிக்குச் சுருக்கென்றது. மண்ணை வாரி எறிந்துகொண்டே, "வேலை நேரத்துல மகாராணி கழுத்துவரைக்கும் போத்திக்கிட்டுப் படுத்துட்டீங்க. கால் அமுக்க ஆள் அனுப்பட்டுமா?" என்றான்.

அவள் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. "நீ தோண்டுற வேகத்துக்கு, நான் வெளிய வர்றப்ப என் பேத்தி வயசுக்கு வந்துருவாய்யா."

"சடங்குக்கு மறக்காமச் சொல்லிவிடு. மொய் மட்டும் எதிர்பாக்காத."

மேலே விளிம்பிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. "ஏறு கொளஞ்சி, மறுபடியும் சரியுது!" என்று மேலே நின்ற ஆட்கள் கத்தினார்கள். பூங்காவனம் அண்ணாந்து பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"நீ போயிடு சாமி."

"என்ன திடீர்னு சாமிங்கற?" என்று கேட்டபடி கொளஞ்சி தோள்வரை மண்ணுக்குள் கையை விட்டான். உள்ளேயிருந்து அவள் விரல்கள் நறுக்கென்று கிள்ளின.