மழித்துவிட்டு வரவும்

காலை பத்து இருபதுக்குப் பரணிதரன் தன் மனைவி மாலதியின் மோவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினான்.

“நல்லாப் பாருங்க மேடம். எனக்குக்கூட இவ்வளவு வராது. ரெண்டு பேரும் வண்டியில போனா, அண்ணன் தம்பியான்னு கேக்குறானுங்க.”

மேசைக்கு அந்தப் பக்கம் செந்தாமரை உட்கார்ந்திருந்தாள். தஞ்சாவூரில் அந்த லேசர் கிளினிக்கில் முடி நீக்கும் மெஷின் அவள் பொறுப்பு. அவன் விரல் பதிந்த இடம் சிவந்திருப்பதைத்தான் முதலில் பார்த்தாள். மோவாய்க்கு அடியில் கறுப்பாகச் சுருண்டிருந்த முடியைப் பிறகு பார்த்தாள்.

மாலதியின் முக்காடு நழுவியது. நேற்று மழித்த மொட்டை. பின்பக்கம் நான்கு தையல் போட்ட தழும்பு.

“வேண்டுதலாம்மா?”

பரணிதரன் பதில் சொன்னான். “சமயபுரத்துல. சம்பா முழுகாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டாளாம். எங்க பாபநாசம் வயல்ல இன்னும் முழங்கால் தண்ணி நிக்குது. எல்லாம் முழுகின பிறகு போய்ப் போட்டுட்டு வந்து நிக்கிறா. பயிரும் போச்சு, மயிரும் போச்சு.”

அவனே சிரித்தான்.

செந்தாமரை எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னாள். ஆறு தடவை வர வேண்டும், சிலருக்கு எட்டு. மாதம் ஒரு முறை. ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் சுரீரென்று இருக்கும். முடி கருகும் வாசனை வரும், பயப்பட வேண்டாம். இரண்டு நாள் தோல் சிவந்திருக்கும். பத்துப் பதினைந்து நாளில் முடி தானாக உதிரும். அதுவரை வெயில் படக் கூடாது.

“வெயில் படாம இருக்க இவ என்ன கலெக்டர் வீட்டம்மாவா?”

“திரும்ப வளராதுங்களா?” என்றாள் மாலதி. அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

“பெரும்பாலும் வளராது. ஒண்ணு ரெண்டு வந்தாலும் பூனைமுடி மாதிரி வரும். கையில அகப்படாது.”

மாலதி தலையாட்டினாள். பதில் பிடித்திருந்தது போலத் தெரிந்தது.

செந்தாமரை கையுறை மாட்டிக்கொண்டு மோவாயைத் தடவிப் பார்த்தாள். “எடுக்க வேண்டிய இடத்தை முதல் நாளே மழிச்சுட்டு வாங்கன்னு போன்ல சொன்னேனே. இப்படி நீளமா இருந்தா மேல்தோல் வெந்துபோகும்.”

“மழிச்சுட்டுத்தான் வந்தேன் மேடம்.”

“அவங்க கையில பிடிச்சுக் காட்டுறாங்க, மூஞ்சிக்கு நேரா பொய்யா?” என்றான் பரணிதரன்.

அவன் கை அவள் பிடரிக்குப் போனது. அங்கே ஒரு கணம் துழாவியது. பிறகு காதைப் பிடித்து முறுக்கி, அவள் முகத்தை மேசையில் இடித்தான்.

பேனாக்கள் உருண்டு விழுந்தன. மாலதியின் மூக்கிலிருந்து ரத்தம் பதிவுத் தாளில் சொட்டியது. அவள் முந்தானையால் தாளைத்தான் முதலில் துடைத்தாள்.

செந்தாமரை எழுந்துவிட்டாள். “கையை எடுங்க சார். செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. இவ என் பொண்டாட்டி. நீங்க உங்க மெஷினைப் பாருங்க.”

“மெஷின் ரூம்ல கறுப்புக் கண்ணாடி இல்லாம யாரும் நிக்கக் கூடாது. கண்ணு போயிடும். இருக்கிறது ரெண்டு கண்ணாடிதான். நீங்க வெளியே இருங்க.”

கண்ணு போயிடும் என்றதற்கு மட்டும் அவன் அசைந்தான். போகிற வழியில் ஸ்டூலை உதைத்துவிட்டுப் போனான். “வழவழன்னு ஆக்கி அனுப்புங்க. இல்லேன்னா நான் அருவாளால செரைச்சு விட்டுடுவேன்.”

உள்ளே கதவைத் தாழிட்டதும் செந்தாமரை பஞ்சை நனைத்து அவள் மூக்கில் வைத்து அழுத்தினாள்.

“தினமும் அடிக்கிறாரா?”

“தினமும்னு இல்ல. மோட்டார் ஓடலன்னா. குழம்பு ஆறிப்போனா. யாராவது அவரைப் பாத்துச் சிரிச்சா.”

“ஸ்டேஷனுக்குப் போகலாமில்ல?”

“போனேனே. சமாதானம் பேசி, அவர் வண்டியிலயே ஏத்தி அனுப்பினாங்க. வீட்டுக்கு வந்ததும் மோட்டார் கொட்டகைக்கு இழுத்துட்டுப் போய்த் தலையைப் பைப்புல மோதினாரு. நாலு தையல். வழுக்கி விழுந்தேன்னு ஆஸ்பத்திரியில எழுதிக்கிட்டாங்க.”

“அம்மா வீட்டுல?”

“கூப்பிட வந்த தம்பிக்கு முழங்கையில வெட்டு. அதோட விட்டுட்டாங்க.”

செந்தாமரை பஞ்சை மாற்றினாள்.

“இது மட்டும் போயிட்டா பாதி அடி குறையும் மேடம்,” என்றாள் மாலதி. “எவ்வளவு சுட்டாலும் சத்தம் போட மாட்டேன். அளவைக் கூட்டியே வைங்க.”

வெளியே கதவில் ஓர் உதை விழுந்தது. “ஆச்சா?”

காலடி விலகிப் போனது.

செந்தாமரை அவளைப் படுக்கையில் சாய்த்துக் கண்ணாடியை மாட்டினாள். புது ரேசரைப் பிரித்தாள். இடது கையால் மோவாயை மெல்ல நிமிர்த்தி, மழிக்கக் குனிந்தாள்.

மாலதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையை அப்படியே மேலே கொண்டுபோய், தன் உச்சந்தலையில் வைத்தாள்.

“தாடி கிடக்கட்டும் மேடம். இங்கதான். அவருக்குப் பிடி கிடைக்கக் கூடாது.”