கட்டைவிரலுக்கு அடியில் மூன்று பேர்

கும்பகோணம் கோர்ட்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குள் ஊர் வெயில் மொத்தமும் வந்து உட்கார்ந்திருக்கிறது. பங்காளி தொடுத்த நிலவழக்கில் குஞ்சிதபாதத்துக்கு இருக்கும் ஒரே ஆதாரம், பாட்டனாரின் பாட்டனார் வாங்கிய கிரயப் பத்திரம். அப்பளமாக நொறுங்கும் அந்தத் தாளை, இமயமலையைத் தூக்குகிறவர் மாதிரி மூச்சு முட்ட ஏந்தி, கண்ணாடிமேல் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார். பச்சை வெளிச்சம் ஊர்ந்து போகிறது. நான்காவது பிரதியிலும் அவர் கட்டைவிரல்தான் பூசணிக்காய் அளவுக்குக் கறுப்பாக விழுகிறது.

“விரலை எடுங்க சார்,” என்கிறார் அவருடைய வக்கீல் செம்மொழி. “வயசாச்சும்மா, கை நடுங்குது.” “நடுங்குற கை நாலு தடவையும் ஒரே வரியிலயா வந்து நிக்கும்?” என்று கடைக்காரர் சிரிக்கிறார். குஞ்சிதபாதத்தின் முதுகில் காவிரி இன்னொரு கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. விரல் மெல்ல நகர்கிறது. செம்மொழி குனிந்து வாய்விட்டுப் படிக்கிறார்: “நஞ்சை ஏழு மா, தென்னை பதினொன்று, உழவுமாடு நாலு, ஆள் மூன்று. காத்தான், அவன் பெண்சாதி சடைச்சி, கைப்பிள்ளை ஒன்று.”

செம்மொழி பத்திரத்தின் தேதியைப் பார்க்கிறார். “அடிமை செல்லாதுன்னு சட்டம் வந்து பத்து வருஷம் கழிச்சு எழுதியிருக்காங்க சார்.” “இந்தப் பக்கம் இல்லாம கேஸ் நிக்காதாம்மா?” “நிக்காது.” கடைக்காரர் எத்தனை பிரதி என்கிறார். “கோர்ட்டுக்கு ஒண்ணு, எதிர்த்தரப்புக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு,” என்கிறார் செம்மொழி. “எங்க வகையறாவுல காத்தான்னு ஒருத்தர் இருந்தார்னு சொல்லுவாங்க. காகிதத்துல இப்பதான் பாக்குறேன்.”

குஞ்சிதபாதம் கடையிலிருக்கும் ஒரே ஸ்டூலை அவசரமாக இழுத்துத் துண்டால் துடைக்கிறார். “உக்காருங்கம்மா.” செம்மொழி நின்றபடியே அந்த வரியை இன்னொரு முறை படிக்கிறார்.