டப்பா காலியாகத்தான் வருகிறது

சாயங்காலம் ஆனால் மாறனின் கால்கள் ஜிலேபிக் கடைக்குப் போய் நின்றுவிடுகின்றன. ஏன் என்றுதான் அவன் மனைவி மணிமொழிக்குப் புரியவில்லை. ரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, அடுத்த மாதமும் குறையாவிட்டால் சுகர் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"காலையில நடந்தீங்களா?"

"நடந்தேன்."

"சத்து மாத்திரை?"

"போட்டேன்."

"மதியம் சாலட்?"

"டப்பாவைப் பாரு, துடைச்ச மாதிரி இருக்கு."

"அப்புறம் எப்படிங்க ஜிலேபி கேக்குது? காய்ல நார்ச்சத்து ஜாஸ்தி. மெதுவா செரிக்கும், சர்க்கரை சட்டுனு ஏறாது, சட்டுனு இறங்காது. ஆசையே வரக்கூடாதே!"

"எனக்கும் அதான் புரியல மணி."

மறுநாள் மதியம் அவள் சொல்லாமல் கிளம்பினாள். செங்கம் சாலையில் அவன் வேலை பார்க்கும் விடுதியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மதியமும் ஜிலேபிதான் ஓடுகிறதோ என்ற சந்தேகத்தில், கையும் ஜிலேபியுமாகப் பிடிக்கத்தான் வந்திருந்தாள்.

மதில் மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து வெள்ளரிக்காயும் கேரட்டும் தின்றுகொண்டிருந்தன. மாறன் காலி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அப்ப நீங்க என்னதான் சாப்பிடுவீங்க?"

மாறன் திடுக்கிட்டுத் திரும்பினான். "ஒண்ணும் இல்ல. பச்சைக் காய் தொண்டையில இறங்கல மணி. நீ விடியறதுக்குள்ள எழுந்து நறுக்கறே, சொல்ல மனசு வரல."

மணிமொழி தலையில் கை வைத்துக்கொண்டாள். "பட்டினி கெடந்தா உடம்பு இனிப்பு கேக்காம என்னங்க பண்ணும்?"

மறுநாளிலிருந்து டப்பாவில் கொஞ்சம் சோறு, நிறைய கீரைக் கூட்டு, அவித்த முட்டை என்று வைத்தாள். மதியம் வயிறு நிறைந்ததும், சாயங்கால ஆசை தானாக அடங்கியது.