ஆறு வாரக் கம்ப்யூட்டர்

சாப்பாட்டு மேஜையைக் கண்ணால் பார்த்து அம்மாவுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது. மேலே முழுக்க ஒயர், ஸ்க்ரூ, மதர்போர்டு, வாயைப் பிளந்துகொண்டு ஒரு கேபினெட். வீட்டில் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

மகள் கேட்டது ஒரு கேம் கன்சோல். வாங்கினோமா, டி.வி.யில் செருகினோமா என்று முடிய வேண்டிய விஷயம். அதையும் அவள் புது அப்பாவிடம் நேராகக் கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னாள். அம்மா, தன் கணவர் காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவரிடம் சொன்னாள்.

அம்மாவின் இரண்டாம் கல்யாணம் முடிந்து ஒரு வருஷம். பதினாலு வயது மகள், புது அப்பாவிடம் அந்த ஒரு வருஷத்தில் பேசியதெல்லாம் 'ம்', 'வேண்டாம்', அவ்வளவுதான். இந்தக் குடும்பம் ஒட்டுமா ஒட்டாதா என்று அம்மாவுக்குத் தினமும் கவலை. ஒரு கன்சோலால் ஒட்டும் என்றால் வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே?

மனுஷர் தையல்காரர். தைப்பதைத் தவிர வேறெதிலும் கை வைத்ததில்லை. அன்று மாலை கடையிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அதே விலைக்கு நாமளே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணிடலாம்னு பேன்ட் தைக்கக் கொடுத்த ஒருத்தர் சொன்னார், நிஜமா?" என்றார்.

"உங்களுக்கு அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது," என்றாள் மகள்.

பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது என்று அம்மா முறைத்தாள். தையல்காரரோ, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சரி, நீ சொல்லு. நான் எழுதிக்கிறேன்."

அன்று பிடித்தது சனி.

முதலில் பிராசசர் வந்தது. அது உட்காராத மதர்போர்டு ஒன்று கூடவே வந்தது. அதை மாற்றுவதற்கு ஒரு வாரம். அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு. அளவெடுப்பது என் தொழில் என்று மார்தட்டிக்கொண்டு இன்ச் டேப்போடு போனவர், கேபினெட்டை வெளிப்பக்கமாக அளந்துவிட்டு வந்தார். உள்ளே ஃபேன் அடைத்துக்கொண்டிருந்த இடத்தைக் கழிக்கவில்லை. கார்டு இரண்டு விரற்கடை நீண்டுகொண்டு நின்றது.

"துணியா இருந்தா மடிச்சுத் தைச்சிடலாம்," என்றார்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு தினமும் சாயங்காலம் இதே கூத்து. அது அப்படி இல்லை, தள்ளுங்க, தொடாதீங்க, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க என்று மகள் விரட்டுவாள். நீ மட்டும் ரொம்பச் சரியோ என்று இவர் மல்லுக்கு நிற்பார். சமையலறையில் அம்மாவுக்குத் தலை விண்விண்ணென்று தெறிக்கும். வாயைத் திறக்காமல் இருந்த பெண், இப்போது நாள் தவறாமல் சண்டை போடுகிறாள். எல்லாம் இந்த மனுஷனின் கருமித்தனத்தால் வந்த வினை.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டாள். "ஏங்க, அவ கேட்டது ஒரு பொட்டி. அதை வாங்கிக் குடுக்க உங்களுக்குக் கை வரலை, இல்ல?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். இந்த வாரம் முடிந்துவிடும் என்றார். அதைத்தான் போன வாரமும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாட்டியாகிவிட்டது. பட்டனை அமுக்கினால் ஒரு முனகல்கூட இல்லை. பவர் சப்ளையில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தையல்காரர், கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினார்.

கிடைத்த நேரத்தில் மேஜையையாவது துடைப்போம் என்று அம்மா கந்தல் துணி தேடினாள். பீரோவின் மேல் ஒரு மூட்டை இருந்தது. தைக்கக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வாங்க வராத துணிகள். இழுத்தால், துணிக்கு இல்லாத கனம். பிரித்துப் பார்த்தாள்.

உள்ளே கேம் கன்சோல். சீல்கூட உடைக்காத பெட்டி. மேலே ஒட்டியிருந்த பில்லில் ஆறு வாரத்துக்கு முந்தைய தேதி. மகள் கேட்ட அதே நாள்.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்கி ஒளித்து வைத்துவிட்டு, ஆறு வாரமாக வீட்டையே இரும்புக்கடையாக்கி, எல்லோரையும் மடியில் தட்டோடு உட்கார வைத்திருக்கிறாரே!

மகளைக் கூப்பிட்டாள். "இங்க வந்து பாரு, இந்த மனுஷன் பண்ணியிருக்கிற வேலையை. இன்னிக்கு வரட்டும், கேட்கிறேன்."

மகள் பெட்டியைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"கத்தாதேம்மா. இருந்த மாதிரியே கட்டி மேல வெச்சிடு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணு வாரமாத் தெரியும்."

"அப்புறம் ஏன்டி கேட்காம இருந்தே? நீ ஆசைப்பட்டது இதுக்குத்தானே?"

"கேட்டா எடுத்துக் குடுத்துடுவாரே," என்றாள் மகள்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மகள் அவசரமாகப் பெட்டியை வாங்கி, துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"அந்தக் கம்ப்யூட்டராவது என்னிக்காவது ஓடுமா?" என்று கேட்டாள் அம்மா. இப்போது குரலில் சூடு இல்லை.

மகள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது காலையிலேயே ஓடிடுச்சும்மா, அவர் குளிக்கப் போயிருந்தப்போ. நான்தான் உள்ள ஒரு ஒயரைக் கழட்டி விட்டிருக்கேன்."