மேட்டு வீட்டுக்கு வெள்ளக் காப்புறுதி

"முன்கண்ணாடிக்குத் தொண்ணூறு வெள்ளியா? எடுத்துவிடும், மிஸ் புனிதா."

சொன்னதோடு நிற்காமல் இராஜசிங்கம் பென்சிலால் அந்த வரியை அடித்தும் விட்டார். அடுத்தது காரின் மதிப்பு. அதில் இரண்டாயிரம் குறைய வேண்டும். பழைய மைவி காருக்கு யார் இவ்வளவு தருவார்கள் என்று கேட்டு, நாளிதழிலிருந்து கத்தரித்த மூன்று விற்பனை விளம்பரங்களைச் சாட்சியாக மேசையில் பரப்பினார்.

ஈப்போவை அடுத்த செமோரில் காப்புறுதி முகவராக இருக்கும் புனிதா ஒன்பது வருடமாக இந்தப் பென்சிலைப் பார்த்து வருகிறாள். இராஜசிங்கம் வடிகால் இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பாலிசியின் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிப்பார். அதை அச்சிட்ட கம்பெனிக்காரர்களே அவ்வளவு படித்திருக்க மாட்டார்கள்.

இந்த வருடம் அவளுக்குப் பொறுமை இல்லை.

காரணம் இருந்தது. இராஜசிங்கத்தின் ஒரே மகள் தர்மினி, இரண்டு வருடத்துக்கு முன் புனிதாவின் தம்பி தனேஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். யாழ்ப்பாணப் பரம்பரைக்கு ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பரம்பரை சம்பந்தியாகுமா? தர்மினியின் பெட்டிகளை எடுக்க வந்த தனேஷிடம், வீட்டுக் கேட்டுக்கு இந்தப் பக்கம் கால் வைக்காதே என்றார். அதோடு பேச்சு நின்றது. அதுவரை 'பிள்ளை'யாக இருந்த புனிதா அன்றுமுதல் 'மிஸ் புனிதா' ஆனாள். அவளும் 'அங்கிள்' என்பதை விட்டு 'சார்' என்று ஆரம்பித்தாள்.

தர்மினிக்கு இப்போது எட்டாம் மாதம். பாகான் டத்தோவில் வாடகை வீடு. தனேஷ் செம்பனை எண்ணெய் ஆலையின் லாரி ஓட்டுகிறான். சொந்த வாகனம் என்றால் ஒரு மோட்டார்சைக்கிள்தான். தர்மினிக்கு ரத்த அழுத்தம் வேறு. வாராவாரம் தெலுக் இந்தான் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த நேரத்தில் எது ஆகுமோ என்று புனிதாவுக்குப் பயம். போன மாதம் மானத்தை மடித்து வைத்துவிட்டு, நிலைமையை விவரமாக எழுதி இராஜசிங்கத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை.

இன்றைக்கு வந்திருக்கிறார், முன்கண்ணாடியைப் பற்றிப் பேச.

"சார், இணையத்துல நீங்களே வாங்கினா பத்து விழுக்காடு மிச்சம்லா. ஈப்போவிலேருந்து பெட்ரோல் போட்டு இங்க வர வேணாமே," என்றாள்.

"தெரியும். நாலாம் பக்கத்தில் இருக்கு," என்றார், தலையைத் தூக்காமல்.

புனிதாவுக்குச் சுருக்கென்றது. "ரெண்டாவது ஓட்டுநர்னு தர்மினி பேரு இன்னும் கிடக்கு. எடுத்துறவா?"

"எடுத்தால் காசு குறையுமோ?"

"குறையாது. ரெண்டு பேரு வரைக்கும் இலவசம்."

"பிறகென்ன? கிடக்கட்டும்."

இலவசம் என்பதால் மகள் பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டாள் புனிதா.

"வெள்ளத்துக்கும் காப்புறுதி சேர்த்துவிடும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது வருடமாக இவரே வேண்டாம் என்று தள்ளியது அது. என் வீட்டுக்கு வருவதென்றால் தண்ணீர் என்னைக் கேட்டுத்தான் வர வேண்டும் என்பார்.

"சார், உங்க வீடு மேட்டுல இருக்கு."

"சொன்னதைச் சேர்த்துவிடும்."

வயதாகிவிட்டது, மூளை மழுங்குகிறது என்று நினைத்தாள். அப்படி நினைக்கக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

"மூன்றாவது ஓட்டுநர் பெயர் போட?"

"பத்து வெள்ளி. பேரு போடாதவுங்க ஓட்டி இடிச்சா முதல் நானூறு வெள்ளிய நீங்கதான் கட்டணும்."

"அதையும் படிச்சேன். அடையாளக் கார்டு எண் சொல்றேன், அடியும்."

அவர் கையில் துண்டுக் காகிதம் எதுவும் இல்லை. சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒன்பது, ஆறு. பூஜ்யம், மூன்று. ஒன்று, ஏழு."

புனிதாவின் விரல் நின்றது. அடையாளக் கார்டின் முதல் ஆறு எண் பிறந்த தேதி. அந்தத் தேதிக்கு வருடா வருடம் கேக் வாங்குகிறவள் அவள்.

மீதி ஆறையும் அவர் தடுமாறாமல் சொல்லி முடித்தார்.

"தம்பி நம்பரு உங்களுக்கு எப்படி..."

"கல்யாண அறிவிப்பை இருபத்தொரு நாள் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தாங்க. தினமும் போய்ப் பார்த்தேன்." பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார். "முதல் வாரம், ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம் என்று போனேன். பிறகு சும்மா போனேன்."

தொகையைச் சரிபார்த்தார். கண்ணாடியிலும் மதிப்பிலும் மிச்சம் பிடித்தது வெள்ளத்துக்கும் மூன்றாவது பெயருக்கும் ஏறக்குறையச் சரியாகப் போயிருந்தது. பணத்தைக் கட்டினார். ரசீதின் மேல் கார்ச் சாவியை வைத்தார்.

"தம்பியை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லும். நான் பஸ்ஸில் போறேன்."

"நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாமே, மாமா."

மாமா என்று எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் அதைத் திருத்தவும் இல்லை.

"கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னவன் நான். எந்த முகத்தோடு போறது?"

கண்ணாடிக் கதவைத் தள்ளியவர், ஒரு கால் வெளியில் இருக்கத் திரும்பினார்.

"என் வீடு மேட்டில்தான், பிள்ளை. பாகான் டத்தோ பள்ளம்."