நீங்க முதல்ல போங்க

அமெரிக்காவில், பிறருக்கு வழி விடுவதில் யாரும் யாருக்கும் சளைக்காத மில்வாக்கி நகரில், நாலு தெரு கூடும் முனையில் நாலு பக்கமும் வண்டிகள் நின்றன. முதலில் வந்தவர் டெல்பர்ட்தான்; விதிப்படி அவர்தான் முதலில் போக வேண்டும். ஆனாலும் எதிர்க் காரில் இருந்த பெண்ணுக்கு, "நீங்க போங்க" என்று கைகாட்டினார். அவளும் அவருக்கே கைகாட்டினாள்.

"கிளம்புங்க. சர்ச்சுல எல்லாரும் காத்திருக்காங்க," என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி வெர்னா.

"இடப்பக்கம் நிக்கிற லாரிக்காரர் போகட்டும், வெர்னா."

லாரிக்காரர் அசையவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு எல்லாரும் நமக்கே வழி விடுறாங்களே. எவ்வளவு மரியாதை பாரு."

"மரியாதை உங்களுக்கில்லை. பின்னாடி சவப்பெட்டியில இருக்காரே, அவருக்கு. வண்டியை எடுங்க."

டெல்பர்ட் நகரவில்லை.

"அவரும் மில்வாக்கிக்காரர்தானே. நாலு பேரை நிக்க வெச்சிட்டு முந்திப் போக அவர் மட்டும் சம்மதிப்பாரா?"