அழகம்மாவுக்குப் பிடிக்காத வீடு

“இந்த வீடும் வேணாம்னா, இனி வானத்துலதான் உனக்கு வீடு கட்டித் தரணும்” என்று சாவிகளை மேசையில் போட்டார் கிளார்க் சந்திரசேகர். “பூரா ஷெல்டரும் இந்த வீட்டுக்கு அடிச்சுக்குது.”

அழகம்மா அந்தச் சாவிகளைத் தொடவில்லை.

சுனாமி கச்சால் தீவை வழித்துக்கொண்டு போய் நாலு வருஷம். ரப்பர் தோட்டத்துக் குடும்பங்கள் எல்லாம் அன்றிலிருந்து தகர ஷெல்டரில்தான் வெந்துகொண்டிருந்தன. இப்போது சிமென்ட் வீடு தயார். இன்று சாயங்காலத்துக்குள் சாவி வாங்காவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்; ஷெல்டரையும் நாளைக்குப் பிரித்துவிடுவார்கள். இவள் பேருக்கு விழுந்ததோ ராஜா வீடு. மேட்டின் மேல், தென்னைக்கு நடுவே, தனியாக. கேள்விப்பட்டதும் துள்ளிக் குதித்த அவள் புருஷன் பெரியதம்பி, கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கு என்று சொல்லிவிட்டு, கப்பலில் சரக்கு இறக்கப் போயிருந்தான்.

சமாதானம் பேச நர்ஸ் வசந்தகுமாரியைக் கூட்டி வந்தார்கள். அவளுக்கு அழகம்மாவின் ஒன்பது வயசுப் பையனைப் பற்றித்தான் கவலை. தகரச் சூட்டில் பிள்ளைகளுக்கு வரும் வேர்க்குரு, காய்ச்சல், இருமல் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள்.

“பழைய வீட்டுலதான் சிஸ்டர் அவனுக்கு நோவு. படுக்கைய நனைப்பான், வாய் திக்கும், சோறு எறங்காது. ஷெல்டருக்கு வந்துதான் புள்ள தேறுச்சு.”

அது உண்மைதான். பூச்சி மருந்து, டானிக் என்று அப்போது கொடுத்துப் பார்த்துத் தோற்றவளே வசந்தகுமாரிதான். தோட்டத்துத் தண்ணீர்தான் பிள்ளைக்கு ஆகவில்லை என்று இப்போது முடிவு கட்டி, மேட்டு வீட்டில் நல்ல பைப் தண்ணீர் வரும் என்று தைரியம் சொன்னாள்.

அழகம்மா அவளைப் பார்க்கவே இல்லை. “அந்த ஒட்டு வீட்டக் குடுங்க சார்.”

சந்திரசேகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வரிசையில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் மெல்லிசு. அங்கே தும்மினால் இங்கே கேட்கும் என்று ஒருத்தரும் தொடாத வீடு. பக்கத்து வீட்டுக்கு வரப்போவதோ ஊர்வம்பு பொன்னம்மா. இதையெல்லாம் சொல்லியும் அவள் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு, அந்தச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“உனக்கென்ன பைத்தியமா?” வாசலுக்கு வந்ததும் வசந்தகுமாரி கேட்டுவிட்டாள்.

அழகம்மா சிரித்தாள். அந்த முகத்தில் இத்தனை நிம்மதியை நர்ஸ் பார்த்ததே இல்லை.

“தோட்டத்துல எங்களுது தனி வீடு சிஸ்டர். நான் கத்துனா மரத்துக்குத்தான் கேக்கும். எனக்கு இந்த இடது காது போனதும் அங்கதான், புள்ள மெரண்டு போனதும் அங்கதான். ஷெல்டருல தகரத்துக்கு அந்தப் பக்கமும் ஆளு, இந்தப் பக்கமும் ஆளு. ஊரு காதுல விழுந்துடுமேன்னு நாலு வருஷமா எம்புருசன் கையே ஓங்கல.”

நீங்களாக இருந்தால் எந்தச் சாவியை எடுத்திருப்பீர்கள், சொல்லுங்களேன்?